அம்மம்மாவின் பெயரில் ஒரு சிறுகோள்: இந்த ஆளுக்குக் காசு கட்டலாமா?

திருக்கோவில்_அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருக்கோவிலில் இருக்கிறேன். வானியல் எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு இழுபறி நடக்கிறது, அதனால் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

மகள் தரம் 11. அவளின் விஞ்ஞான ரீச்சர் நாலைந்து பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து, இணையத்தில் நடக்கும் ஒரு சிறுகோள் தேடலில் பதிந்துவிட்டார். வானத்தின் ஒரே இடத்தை நாலு தரம் எடுத்த படங்கள் வரும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, எந்தப் புள்ளி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஓ.எல் எழுதுகிற வருசத்தில் இது தேவையா என்று நான் சத்தம் போட்டேன். அவள் கேட்கவில்லை. மாமாவின் லப்டொப்பை வாங்கிக்கொண்டு இரவிரவாக இருந்தாள். கடைசியில், பட்டியலில் இல்லாத ஒரு புள்ளி கிடைத்ததாம். அறிக்கை அனுப்பினார்கள். பிறகு 'முதற்கட்டக் கண்டறிதல்' என்று போட்டு ஒரு சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற சின்னஞ்சிறு கோள் என்கிறாள்.

இப்போது அதற்கு அம்மம்மாவின் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான் வேலைக்குப் போகிறவள், அவளை வளர்த்தது என் அம்மாதான். அம்மாவிடம் சொன்னால், "என்ட பேர வைக்க ஒரு கல்லுத்தானா கிடைச்சது?" என்று சிரிக்கிறார். சிரித்தாலும், பின்வளவு முன்வளவு எல்லாம் சொல்லி முடித்தாயிற்று.

இதற்குள் பேஸ்புக்கில் ஒருவர் மகளின் பதிவைப் பார்த்துவிட்டு எழுதினார். 18,000 ரூபா கட்டினால் இரண்டு கிழமைக்குள் பெயரைச் சர்வதேசப் பதிவேட்டில் ஏற்றி, சட்டம் போட்ட சான்றிதழும் வீட்டுக்கு அனுப்புவாராம். பாதி முன்பணம். தொகை எனக்குப் பெரியது, ஆனால் அம்மாவுக்காக என்றால் எப்படியாவது புரட்டலாம். கட்டலாமா? கட்டாமல் பெயர் வைக்க வழி இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு காலம் எடுக்கும்? அம்மாவுக்கு வயது எழுபது கடந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கேள்வி.

கல்முனை_சந்தி

கட்டாதீங்க அக்கா. எங்கட மச்சான் கட்டாரில் இருந்தபோது கல்யாண நாளுக்கு மச்சிக்கு ஒரு நட்சத்திரம் வாங்கி அனுப்பினார். சட்டம் நல்ல சட்டம், இப்பவும் மண்டபத்தில் தொங்குது. நட்சத்திரம் எங்கே என்று மச்சி கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

அளவையாளர்_மட்டு

தங்கச்சி, காசுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு சதமும் கட்டாதீர்கள். சிறுகோள்களுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் உலகத்தில் ஒரேயொரு இடத்துக்குத்தான் உண்டு: சர்வதேச வானியல் ஒன்றியம். அதற்குள் சிறு பொருட்களுக்குப் பெயரிடுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, வானியலாளர்கள் அங்கத்தவர்கள், வாக்களித்து முடிவெடுக்கிறார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, முகவர் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு எவராவது பதிவேடு என்று சொன்னால், அது அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிற பதிவேடு.

இனி மகள் செய்த வேலைக்கு வருவோம். அதுதான் எனக்குப் பெரிய விசயம்.

நான் நில அளவையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லடியில் வீடு. வானம் பார்ப்பது பிற்காலத்தில் வந்த பழக்கம். மகள் சேர்ந்தது ஐ.ஏ.எஸ்.சி. (சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு) என்கிற தேடலாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சாசில் ஒரு பல்கலைக்கழகத்தை இடமாகக் கொண்டு 2006இல் தொடங்கியது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசம். படங்கள் ஹவாயில் ஹலேயாக்கலா என்ற மலை உச்சியில், ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்தில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைகாட்டியில் எடுக்கப்படுபவை. ஆடியின் விட்டம் 1.8 மீற்றர், கமராவில் 140 கோடி படப்புள்ளி. அப்படிப்பட்ட கருவி எடுத்த படத்தைத்தான் உங்கள் வீட்டுப் பிள்ளை திருக்கோவிலில் இருந்து பார்த்திருக்கிறாள். அங்கே நடுச்சாமம் என்றால் நமக்குப் பின்னேரம் மூன்றரை. அந்தப் படத்தை அவர்கள் எடுக்கும்போது அவள் ரியூசனில் இருந்திருப்பாள்.

நாலு படத்திலும் நட்சத்திரங்கள் அசையாது. சிறுகோள் மட்டும் அசையும், அதுவும் மிகக் கொஞ்சம். பிரதான வளையத்தில், அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் திரண்டிருக்கும் இடத்தில் இருப்பவை, சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நமக்குத் தெரியும் காலத்தில், நாளுக்குக் கால் பாகை அளவு நகரும். முழுநிலாவின் அகலத்தைக் கடக்க இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் எடுத்த நாலு படத்தில் அது எவ்வளவு நகர்ந்திருக்கும்? ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவில் அதைக் கண் பிடிக்க வேண்டும். சும்மா வேலை இல்லை.

ஆனால் அவளிடம் இப்போது இருப்பது நாலு இட அளவு, ஒரு இரவு. அவ்வளவுதான். படுவான்கரையில் ஒரு வயல் எல்லை பிரிக்கப் போகிறோம் என்று வையுங்கள். ஒரு மூலையில் ஒரு முழம் இடைவெளியில் இரண்டு கட்டை அடித்துவிட்டு, அந்தக் கோட்டை அப்படியே அரை மைல் தூரம் நீட்டினால் என்ன நடக்கும்? கட்டை ஒரு விரற்கடை சரிந்திருந்தாலும் அந்தத் தலைப்பில் அடுத்தவன் வயலுக்குள் நிற்பீர்கள். ஒரு இரவின் நாலு புள்ளியை வைத்துச் சூரியனைச் சுற்றும் பாதையை வரைந்தாலும் அதே கதிதான். நாலைந்து வருசத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிற பொருள் அது. முதல் இரவின் அளவிலிருந்து அடுத்த வருசம் எங்கே நிற்கும் என்று சொல்ல ஏலாது.

முதலாவது சிறுகோளுக்கே இது நடந்தது. 1801 ஜனவரி முதலாம் திகதி இரவு, சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாசி என்ற பாதிரியார் சீரிசைக் கண்டார். பெப்ரவரி 11 வரைதான் அவரால் அளக்க முடிந்தது. அதற்குப் பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. வெளியே வரும்போது எங்கே தேடுவது என்று ஐரோப்பாவில் ஒருவருக்கும் தெரியவில்லை. காவுஸ் என்ற இருபத்துநான்கு வயது இளைஞர் பியாசியின் அளவுகளை வைத்துப் புதுக் கணக்கொன்று போட்டார். அந்த வருசம் முடிகிற இரவில், அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது அகப்பட்டது. நில அளவையில் அளவுப் பிழைகளைச் சமாளிக்க நாங்கள் தினமும் பயன்படுத்துகிற இழிவு வர்க்க முறைக்கும் அந்த மனிதரின் பெயர்தான் வரும். பின்னாளில் அவரே ஹனோவர் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்தார். எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆகவே படி இப்படிப் போகிறது. இப்போது 'முதற்கட்டம்'. அடுத்த சில நாட்களுக்குள் வேறு இரவிலும் யாராவது அதை அளந்து, இரண்டும் ஒரே பொருள்தான் என்று பொருந்தினால், உலகம் முழுவதிலுமிருந்து சிறுகோள் அளவுகளைச் சேர்க்கும், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் மைனர் பிளானட் சென்டர் அதற்கு ஒரு தற்காலிகக் குறியீடு கொடுக்கும். அதற்குப் பிறகு காத்திருப்பு. பூமியும் அதுவும் மறுபடி ஒரே பக்கத்துக்கு வர ஏறத்தாழ பதினைந்து பதினாறு மாதம் எடுக்கும். அப்படிப் பல தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் அளவு எடுத்து, பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர இலக்கம். ஐ.ஏ.எஸ்.சி. சொல்லும் கணக்கு ஆறு முதல் பத்து வருசம். இலக்கம் கிடைத்த பிறகுதான் பெயர்.

அந்தத் தற்காலிகக் குறியீட்டை வாசிக்க மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், பிடித்துக்கொள்வாள். டிங்கினேஷ் என்றொரு சிறுகோள் இருக்கிறது, அதன் பழைய குறியீடு 1999 வீ.டி. 57. வருசம் 1999. வருசத்தை அரை மாதம் அரை மாதமாகப் பிரித்து, ஆங்கிலத்தின் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு, ஏ முதல் வை வரை எழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வீ என்றால் நவம்பரின் முதல் அரை. அடுத்த டி அந்த அரை மாதத்துக்குள் நாலாவது என்று காட்டும். இந்த இரண்டாம் எழுத்து இசட் வரை போகும், ஐ மட்டும் இல்லை; அந்த இருபத்தைந்து எழுத்தும் முடிந்தால் மறுபடி ஏயில் தொடங்கி 1 போடுவார்கள், பிறகு 2. 57 என்றால் ஐம்பத்தேழு முறை சுற்றி முடிந்தது. 57ஐ 25ஆல் பெருக்கி நாலைக் கூட்டினால் 1,429. அந்தப் பதினைந்து நாளில் பதிவான ஆயிரத்து நானூற்று இருபத்தொன்பதாவது பொருள் அது.

அந்த டிங்கினேஷின் கதையும் சுவையானது. அமெரிக்காவின் லீனியர் தேடல் அதை 1999 நவம்பர் 4இல் பிடித்தது. 152830 என்று இலக்கம் ஏறியது. ஆனால் பெயர் இல்லாமலே கிடந்தது. லூசி என்ற விண்கலம் தன் வழியில் அதையும் எட்டிப் பார்க்கலாம் என்று முடிவான பிறகு, 2023 பெப்ரவரியில்தான் பெயர் கிடைத்தது. இருபத்துமூன்று வருசம்! அதே வருசம் நவம்பர் முதலாம் திகதி லூசி அதை 430 கிலோமீற்றர் தூரத்தில் கடந்துபோனபோது, அதைச் சுற்றி ஒரு குட்டி நிலவும் தெரிந்தது. பிறகு வந்து சேர்ந்த படங்களில் பார்த்தால் அந்த நிலவே ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உருண்டை. அதைச் செலாம் என்கிறார்கள். டிங்கினேஷ் அகலமான இடத்தில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, 790 மீற்றர். அவ்வளவு சின்னதுக்கு நிலவு வேறு.

பெயர் விதிகள்: ஆங்கில எழுத்தில் பதினாறுக்குள் அடங்க வேண்டும், இடைவெளியும் சேர்த்து. முடிந்தால் ஒரே சொல். வாயில் நுழைய வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரோடு குழம்பக் கூடாது. விளம்பரப் பெயர் கூடாது. வளர்ப்பு நாய் பூனைப் பெயரை விரும்ப மாட்டார்கள். அரசியலாலும் போராலும் பெயர் எடுத்தவர்கள் என்றால், இறந்து நூறு வருசம் போக வேண்டும். இது நல்ல விதி என்பது என் அபிப்பிராயம். பியாசியே தன் சிறுகோளுக்கு அரசர் பேர்டினாண்டின் பெயரையும் சேர்த்துத்தான் வைத்தார், மற்ற நாட்டவர்கள் அந்தப் பாதியைக் கழற்றிவிட்டார்கள். அம்மம்மாவுக்குத் தடை எதுவும் இல்லை. மனைவி, பிள்ளை, தாய் தகப்பன் பெயரெல்லாம் ஏற்கெனவே வானத்தில் இருக்கின்றன. நம் ஆட்களின் பெயர்தான் நீளம். தங்கரத்தினம் என்று உதாரணத்துக்கு எடுத்தால் ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து, தப்பிவிடும். முன்னால் முதலெழுத்து வைத்தால் நெருக்கடி.

இலங்கையோடு தொடர்புள்ள பெயரும் இருக்கிறது. கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் 4923ஆம் இலக்கச் சிறுகோளுக்கு. 1981இல் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் பிடிபட்டது. '2001' என்ற விண்வெளிக் கதையை எழுதிய அவருக்கு 2001ஆம் இலக்கம் பொருத்தமாக இருந்திருக்கும். அது முன்பே ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது.

திருக்கோவில்_அம்மா

ஐயா, நன்றி. உங்கள் பதிலை மகள் இரண்டு தரம் வாசித்தாள். நானும் வாசித்தேன். அந்த ஆளிடம் காசு கட்டவில்லை என்று சொன்னேன். "சரி அக்கா, 12,000 தாங்க" என்று பதில் வந்தது. அதோடு ஆளைத் தடுத்துவிட்டேன்.

இரண்டு விசயம் இன்னும் இருக்கிறது. அம்மா கேட்கிறார், அது எவ்வளவு பெரிசு என்று. மகள் அறிக்கையைப் பார்த்து ஒளி அளவு 20 சொச்சம் என்கிறாள், அதை வைத்து அம்மாவுக்கு என்ன சொல்வது? மற்றது, கடற்கரைக்குப் போய் அம்மாவுக்கு அதைக் காட்ட ஏலுமா? எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கிட்டத்தான்.

வந்தாறுமூலை_பௌதிகம்

அக்கா, நான் பௌதிகவியல் படிக்கிறேன். அளவையாளர் ஐயா சொன்னவற்றோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும், மன்னிக்கவும். முதற்கட்டத்தில் இருப்பவை எல்லாம் கடைசி வரை போவதில்லை. சில, கமராவின் குறைப் புள்ளி. சில, ஏற்கெனவே யாரோ கண்டு தொலைத்த பொருள். பாதைகள் பொருந்திவிட்டால் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். கண்டுபிடித்தவர் யார் என்பதும் இலக்கம் ஏறுகிற நாளில்தான் தீர்மானமாகும். பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து வருசம். ஆகவே 'எங்கள் சிறுகோள்' என்று பாடசாலைப் பதாகையில் அடிக்க முதல் கொஞ்சம் பொறுங்கள்.

தங்கச்சி தானே சோதித்துப் பார்க்கலாம். நாலு புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா? படங்களுக்கிடையிலான நேரத்துக்கு ஏற்ற இடைவெளியா? வெளிச்சம் நாலிலும் ஏறக்குறைய ஒன்றா? புள்ளியின் வடிவம் பக்கத்து நட்சத்திரங்களைப் போல உருண்டையாக இருக்கிறதா, அல்லது ஒற்றைப் படப்புள்ளியாகக் குத்திக்கொண்டு நிற்கிறதா? நாலுக்கும் ஓம் என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

அளவு பற்றி. பார்க்கும் ஒளி அளவை (இந்த எண் கூடக் கூடப் பொருள் மங்கல்) மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது, தூரமும் வேண்டும். பாதை ஓரளவு தெரிந்தால் தூரத்தின் பாதிப்பை நீக்கி 'தனி ஒளி அளவு' என்ற ஒன்றைக் கணிப்பார்கள். அது 19 என்று வந்தால், மேற்பரப்பு வெளிச்சமான கல்லாக, விழும் ஒளியில் கால்வாசியைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், விட்டம் 420 மீற்றர் அளவு. கரி போலக் கறுத்து இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது என்றால் 940 மீற்றர். ஒரே வெளிச்சம்தான், ஆனால் அளவு இரட்டிப்புக்கும் மேல். வளையத்தின் உட்பக்கம் வெளிச்சமான கல் வகை அதிகம், வெளிப்பக்கம் கறுத்தவை அதிகம். அம்மம்மாவிடம், நானூறு மீற்றருக்கும் ஒரு கிலோமீற்றருக்கும் நடுவில் இருக்கலாம் என்று சொல்லி வையுங்கள்.

அம்மம்மா கல் என்று இளக்காரமாகச் சொன்னதிலும் பிழை இல்லை. வளையத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் நம் நிலாவின் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்குதான் வரும். அதிலும் மூன்றிலொன்றுக்கு மேல் சீரிஸ் ஒன்றே எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவை பங்கு போட்டிருக்கின்றன.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சிலி நாட்டில் ரூபின் என்ற புதிய வானாய்வகம் 2025 ஜூனில் முதற்படங்களை வெளியிட்டபோது, பத்து மணித்தியால அளவு எடுத்த படங்களில் மட்டும் 2,104 புதிய சிறுகோள்கள் இருந்தன. இனிப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று அகப்படுவது கடினமாகும். ஆனால் ஏற்கெனவே பிடித்தவற்றை அது திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கும். அதனால் காத்திருப்புக் குறையலாம் என்று நினைக்கிறேன்.

அக்கரைப்பற்று_நானா

காட்ட ஏலுமா என்று கேட்டதற்கு நான் சொல்கிறேன் அக்கா. உங்கட மகளுடையதை ஏலாது. ஒளி அளவு 20 என்றால், கண்ணுக்குத் தெரியும் மிக மங்கல் நட்சத்திரத்தை விட இலட்சக்கணக்கான மடங்கு மங்கல். கட்டுபெத்தயில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கு, அதில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

ஆனா அதே வளையத்திலே இருக்கிற வெஸ்டாவை உம்மாவுக்குக் காட்டலாம். (எங்கட வீட்டில் அம்மாவை அப்படித்தான் சொல்லுவம், நீங்க குறை நினைக்காதீங்க.) 525 கிலோமீற்றர் அகலம், மேற்பரப்பு நல்ல வெளிச்சம். சூரியனுக்கு நேரெதிரே வரும் மாதங்களில் பத்துக்கு ஐம்பது (பத்து மடங்கு பெருப்பிக்கும், முன்வில்லை ஐம்பது மில்லிமீற்றர்) பைனோகுலரில் தாராளமாகத் தெரியும். இருட்டான இடமும் நல்ல கண்ணும் இருந்தால் சில வருசங்களில் வெறுங்கண்ணுக்கே அகப்படும். டோன் விண்கலம் 2011 ஜூலையில் போய் ஒரு வருசத்துக்கு மேல் அதைச் சுற்றிப் படமெடுத்தது.

நான் ஒலுவில் கடற்கரையில் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் எது வெஸ்டா என்று தெரியவில்லை, எல்லாமே புள்ளி. போனில் ஸ்டெல்லாரியம் என்ற வான வரைபடச் செயலியைப் போட்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன், பைனோகுலருக்குள் தெரிந்த எல்லாப் புள்ளியையும் கொப்பியில் பென்சிலால் குறித்தேன். கை நடுங்காமல் இருக்க வள்ளத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அடுத்த நாள் மழைக்குணம். அதுக்கு அடுத்த நாள் போய்க் கொப்பியை விரித்துப் பார்த்தால் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறி நிற்குது. மற்றதெல்லாம் வைத்த இடத்திலே. அப்பதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற மீன்காரர் "என்ன நானா, கப்பலா?" என்றார்.

சில குறிப்பு. ரோச் லைட்டுக்குச் சிவப்புக் கடதாசி கட்டுங்க, வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுகா இருட்டுக்குப் பழக நேரமெடுக்கும். அமாவாசைக்கு அண்டிய நாளாகப் பாருங்க. உங்கட கரை கிழக்குப் பார்த்தது, அதனால பொழுதுபட்டதும் எழுகிற பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும், ஆனா அடிவானத்தில் வள்ளங்களின் லைட் இருந்தால் கொஞ்சம் மேலே ஏறும் வரை பொறுக்க வேணும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மழையோடு மினக்கெட வேண்டாம். உம்மாவுக்கு ஒரு கதிரை கொண்டு போங்க, அண்ணாந்து நின்றால் கழுத்து நோகும்.

திருக்கோவில்_அம்மா

நானா, குறை ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பைனோகுலர் எங்கே வாங்குவது என்று அவர்தான் முதலில் கேட்டார். தம்பி சொன்ன நாலு சோதனையையும் மகள் செய்து பார்த்தாள். நேர்கோடு சரி, இடைவெளி சரி, வடிவமும் உருண்டைதான். மூன்றாவது படத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் குறைவு. அது பிரச்சினையா? இன்னொன்று, மாமா லப்டொப்பைத் திருப்பிக் கேட்கிறார். அதிலுள்ளதை அழித்துவிடலாமா?

அளவையாளர்_மட்டு

அழிக்காதீர்கள்! அதற்குத்தான் ஓடி வந்தேன்.

மூன்றாவது படத்தில் வெளிச்சம் குறைந்ததற்கு முதலில் அந்தப் படத்தையே சந்தேகியுங்கள். மெல்லிய முகில் கடந்திருக்கலாம். அப்படியென்றால் அதே படத்தில் பக்கத்து நட்சத்திரங்களும் மங்கியிருக்கும், அவள் அளந்து பார்க்கட்டும். நட்சத்திரங்கள் மங்கவில்லை, இது மட்டும் மங்கியது என்றால், கல் உருண்டையாக இல்லாமல் நீளமாக இருந்து, சுழன்றபடி ஒடுங்கிய பக்கத்தை நமக்குக் காட்டியிருக்கவும் கூடும். டிங்கினேஷ் மூன்றே முக்கால் மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுழல்கிறது, ஆகவே ஒரு மணித்தியாலத்துக்குள் மாற்றம் தெரிவது நடக்கக்கூடியதுதான். நாலு படத்தை வைத்து அடித்துச் சொல்ல ஏலாது. ஆனால் குறித்து வைக்கலாம்.

வந்தாறுமூலைத் தம்பி சொன்னதில் ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய பொருளோடு இணைத்துவிட்டால் பிள்ளையின் வேலை வீண் என்பது போல ஒரு தொனி வந்துவிட்டது. இணைந்தால் பாதைக்கு இன்னொரு இரவு கூடுகிறது. பெயர் வைக்கிற உரிமை போகும், உண்மைதான், அம்மம்மாவுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அளவு நிற்கும். வேறொருவர் அடித்த எல்லைக் கல்லுக்கு நான் போய் எடுத்த அளவும் வரைபடத்தில் ஏறியதுதான்.

இப்போது லப்டொப். இந்தத் தேடலில் படங்களை அளக்கிற அஸ்ட்ரோமெட்ரிக்கா மென்பொருள் ஒவ்வொரு அளவையும் ஒரு எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கும், எம்.பி.சி.ரிப்போர்ட் என்று பெயர் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து ஒரு பென்ட்ரைவிலும், மகளின் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். நாலு படத்தின் மூலக் கோப்புகளையும் அப்படியே, படமாக மாற்றாமல். ரீச்சருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். குழுவின் பெயரில்தான் அறிக்கை போயிருக்கிறது, பின்னாளில் கேள்வி வந்தால் ரீச்சர் வழியாகத்தான் வரும்.

அந்தக் கோப்பைத் திறந்தால் வரிக்கு எண்பது எழுத்து. தொடக்கத்தில் அவர்கள் பொருளுக்கு வைத்த குழுக் குறியீடு. பிறகு திகதி. திகதி தசமத்தில் இருக்கும், 14.45 என்றால் பதினான்காம் திகதி நாள் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு கழிந்த நேரம். அது கிரீனிச் நேரம், நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் வானத்தில் அது நின்ற இடம், பிறகு ஒளி அளவு, கடைசியில் எஃப் 51 என்று இருந்தால் அதுதான் பான்-ஸ்டார்சின் நிலையக் குறியீடு. நாலு வரி இருக்க வேண்டும். அந்த நாலு வரியையும் அவள் தன் கையால் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பென்ட்ரைவ் பழுதாகும், மின்னஞ்சல் கடவுச்சொல் மறந்துபோகும்.

பெயருக்கு விண்ணப்பிக்கும்போது அம்மம்மா யார் என்று நாலைந்து வரிக் குறிப்பும் கேட்பார்கள். அதை அவர் வாயாலேயே இப்போது சொல்லச் சொல்லி எழுதி, அதே கோப்புறைக்குள் போட்டு வையுங்கள்.

பைனோகுலருக்குப் புதுசு தேடி அலைய வேண்டாம், என்னிடம் பழைய பத்துக்கு ஐம்பது ஒன்று சும்மா கிடக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் வந்தால் இங்கே எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.